மதுரனைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க

நோர்வூட்
2025 மார்ச் 9

மகள் ஜெயலெட்சுமிக்கு,

கொழும்பில் பெரிய மாநாடு நடக்கப்போகிறது, பக்கத்து நாட்டுத் தலைவர்களெல்லாம் வருகிறார்கள் என்று வீதிக்குப் புதுத் தார் போட்டு, ஆளைச் சலித்துச் சலித்துப் பிடித்தார்களே, அந்த வருசம். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் நம் நாட்டுப் பையன் ஒருவன் பந்தை விரலால் சுண்டிப் போட்டு ஆசியக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு வந்தான். லயத்து வீட்டு வரிசை முழுதும் பட்டாசு போட்டோம், மதுரனும் கொழும்புக் கடையிலிருந்து போன் பண்ணிக் கத்தினான். மாவு விலை ஏறி உன் அம்மா ரொட்டியை உள்ளங்கை அகலத்துக்குத் தட்டத் தொடங்கியதும் அந்த வருசம்தான். ஆடி மாதம், அமாவாசைக்கு முந்திய கிழமை. எண் எனக்குத் தெரியாது. நிஷாந்தி விரல் விட்டுப் பார்த்து இரண்டாயிரத்து எட்டு என்கிறாள். அப்படியே வைத்துக்கொள்.

நிஷாந்தி நம் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். என் பேச்சை எழுத்துத் தமிழாக்கித்தான் எழுதுவாளாம். போனில் பேசலாம் என்றால் எனக்குக் காது அறவே போய்விட்டது. அவளுடைய போனுக்கு நீ அனுப்பிய செய்தியை வாசித்துக் காட்டினாள். “அண்ணனைப் பிடித்த வருசம் எது, திகதி என்ன?” அவ்வளவுதான் இருந்தது. அப்பா எப்படி இருக்கிறார் என்று ஒரு சொல் இல்லை. அவளும் மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

அன்றைக்குப் பகல் நான் தேயிலைச் செடி வெட்டிவிடுகிற கவ்வாத்து மலையில் நின்றேன். ஆபீசிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான். கடை முதலாளி சுந்தரலிங்கம் ஐயா கொழும்பிலிருந்து லைனில் இருந்தார்.

“வீரய்யா, மதுரனைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க.”

“யாருங்கய்யா?”

“வந்தாங்க. கூட்டிட்டுப் போயிட்டாங்க.”

அதோடு போனை வைத்துவிட்டார். நானும் அன்றிலிருந்து பொலிசில் கேட்டாலும், சங்கத்தில் கேட்டாலும், வெள்ளைக்காரர் ஒருவர் வந்து கேட்டபோதும் அதையேதான் சொன்னேன். வந்தாங்க, கூட்டிட்டுப் போனாங்க.

ஈஸ்டர் அன்று கோயில்களில் குண்டு வெடித்த வருசம் உன் அம்மாவைப் புதைத்துவிட்டு நீ இறங்கிப் போனாய். அதற்குப் பிறகு இந்த வாசலை மிதிக்கவில்லை. இப்போது எதற்குத் திகதி?

இப்படிக்கு,
அப்பா வீரய்யா


வத்தளை
2025 மார்ச் 21

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்காதது தப்புத்தான். கேட்டால் அழுதுவிடுவேன் என்று கேட்கவில்லை.

எதற்குத் திகதி என்கிறீர்கள். சொல்கிறேன். உங்கள் பேத்தி டிலானிக்குப் பன்னிரண்டு வயது. போன மாதம் ஒரு பின்னேரம் நாங்கள் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவள் இலக்கணப் பயிற்சியை மேசைக்கே கொண்டுவந்துவிட்டாள்.

“அம்மா, தோன்றா எழுவாய்க்கு ஒரு உதாரணம் எழுதணும். புத்தகத்துல உள்ளது கூடாதாம், வீட்டில பேசுறதை எழுதட்டாம்.”

“எழுதிட்டுக் காட்டு.”

எழுதிக் காட்டினாள். ‘மாமாவைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க.’

“சரியா அம்மா?”

“சரி.”

“அப்ப எழுவாய் யாரு? கண்டுபிடிச்சுப் பக்கத்துல எழுதணுமாம்.”

நான் பதினைந்து வருடமாக இதைப் படிப்பிக்கிறேன், அப்பா. எழுவாய் என்பதில் வருகிற வாய், சோறு தின்கிற வாய் இல்லை. பழைய தமிழில் வாய் என்றால் இடம். பேச்சு எழும்பி வருகிற இடம் எழுவாய். அது போய்ச் சேர்ந்து பயனாகி நிற்கிற நிலை பயனிலை. யாரோ ஒரு மனிதர் ஆயிரக்கணக்கான வருடத்துக்கு முன்னால் ஊற்று எங்கே கசிகிறது, தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்ப்பதுபோல் பேச்சைப் பார்த்திருக்கிறார். சில வாக்கியத்தில் அந்த ஊற்று வெளியில் தெரியாது. ஆனால் இல்லாமல் இருக்காது. ‘போயிட்டாங்க’ என்பதன் வாலிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், தேடினால் கிடைக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுவேன். நம்முடைய வீட்டு வாக்கியத்தை ஒருநாளும் கரும்பலகையில் எழுதிப் பார்த்ததில்லை.

டிலானியின் அப்பா சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய் முற்றத்தில் நின்றார். மதுரனின் பேச்சு எடுத்தால் இன்றைக்கும் அவருக்குத் தாங்காது. உங்களுக்கே தெரியும், இருவரும் ஒரே கடையில் வேலை பார்த்தவர்கள். இவர் முன்னால் மேசையில் கணக்கு, அண்ணன் உள்ளே சரக்கு. அந்த நேரம் பார்த்து முதலாளி இவரைப் பாங்குக்கு அனுப்பியிருந்தார். “நான் இருந்திருந்தா விட்டிருப்பேனா ஜெயா?” என்று கல்யாணமான புதிதில் சொல்லிச் சொல்லி அழுவார்.

அன்று இரவு முடிவு செய்தோம். இனிப் போதும். மரணச் சான்றிதழுக்கு எழுதியிருக்கிறேன், அதற்குத்தான் திகதி. ஆடி அமாவாசைக்கு முகத்துவாரத்தில் கடற்கரையில் அண்ணனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிடுவோம். பிள்ளை இல்லாதவன், அண்ணன் தம்பி இல்லாதவன். மைத்துனர் முறையில் டிலானியின் அப்பாவே மொட்டை அடித்து, பெயரைச் சொல்லித் தண்ணீர் விடுகிறேன் என்கிறார். அவராகக் கேட்டார். நீங்கள் வந்து முன்னால் உட்கார்ந்தால் போதும்.

வருவீர்களா?

அன்புடன்,
ஜெயா


நோர்வூட்
2025 ஏப்ரல் 20

மகள் ஜெயாவுக்கு,

உன் கடிதத்தை நிஷாந்தி இரண்டு தரம் வாசித்தாள். எழுவாய் கதை நன்றாகத்தான் இருந்தது. “எனக்கு இஸ்கூல்ல இப்படிச் சொல்லித் தந்திருந்தா நானும் டீச்சர் ஆகியிருப்பேன் தாத்தா” என்றாள். “ஆகியிருந்தா எனக்கு யாரு எழுதுறது, பேசாம இரு” என்றேன்.

எனக்கு அந்தப் படிப்பெல்லாம் இல்லை. எனக்குத் தெரிந்தது கேதம் சொல்வது. போன் வராத காலத்தில் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் யார் செத்தாலும் சொந்தக்காரர்களுக்குச் சொல்லப் போனவன் நான்தான் என்பது உனக்குத் தெரியும். எப்படிச் சொல்வார்கள் என்று நீ பார்த்திருக்கமாட்டாய். பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிடுவார்கள்.

லயத்துக்குள் கால் வைக்கக் கூடாது. கூரை இறங்குகிற இறவாணத்துக்கு வெளியே நிற்க வேண்டும். தண்ணீர் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. “தவறிட்டாங்க” என்று மட்டும்தான் சொல்ல வேண்டும். பெயரைச் சொல்லக் கூடாது. அந்த வீட்டுப் பெரியவர் வாசலுக்கு வந்து “யாரு?” என்று கேட்க வேண்டும். கேட்ட பிறகுதான் பெயர். கேட்காத வீட்டில் பெயரைச் சொன்னால் அந்தச் சாவை அந்த வீட்டில் இறக்கி வைத்ததாக ஆகிவிடும் என்பார்கள்.

எல்லோரும் கேட்டுவிடுவார்கள், எழுந்து வருவதற்குள் கேட்டுவிடுவார்கள். ஒரே ஒரு மனுசன்தான் கேட்கவில்லை. டிக்கோயாப் பக்கம், தங்கச்சி இழுத்துக்கொண்டு கிடக்கிறாள் என்று தெரிந்த ஆள். நான் போய் “தவறிட்டாங்க” என்றேன். அவர் என்னைப் பார்த்து, “வாப்பா வீரய்யா, உங்க மலையில கொழுந்து எப்படி?” என்றார். சொன்னேன். “மழை?” என்றார். “பேயுதுங்க.” “மாட்டுக்கு என்னமோ நோய் வந்துச்சாமே?” “வந்துச்சுங்க.” “தலைவர் மாறிட்டாராமே?” உலகத்தில் உள்ளதையெல்லாம் கேட்டார், அதை மட்டும் கேட்கவில்லை. எனக்குக் கால் கடுத்துவிட்டது. அங்கே பிணம் காத்திருக்கிறது. கடைசியில் அவர் பெண்சாதி அடுப்படியிலிருந்து வந்து, “அடப்பாவி மனுசா, கேளுய்யா!” என்று கத்தினாள். அவர் கேட்கவில்லை. அவள்தான் கேட்டாள்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், வயதாகிவிட்டது, பேச்சு எங்கேயோ போகிறது.

நீ சொல்கிறபடி மதுரனுக்குச் செய்துவிடலாம். எனக்குச் சம்மதம். உன் அம்மா பேச்சியம்மா இருந்திருந்தால் விட்டிருக்கமாட்டாள். இல்லாதவளைச் சொல்லி என்ன. ஆனால் தண்ணீர் விடுவது என் கையாலாகட்டும். எனக்கு முடியாவிட்டால் என் தம்பி மகன் இருக்கிறான். மருமகன் கையால் வேண்டாம்.

அப்பா


வத்தளை
2025 மே 4

அப்பாவுக்கு,

மருமகன் கையால் வேண்டாம். இதே வாக்கியத்தை அம்மாவைக் கிடத்தியிருந்த அன்றும் சொன்னீர்கள். அவர் மொட்டை அடிப்பதற்கு வேட்டி கட்டி நின்றார். நாவிதர் தண்ணீர் தெளித்தும்விட்டார். லயத்துச் சனம் முழுதும் பார்க்க, “அவரு வேணாம், தம்பி மகனைக் கூப்பிடுங்க” என்றீர்கள். ஈரத் தலையோடு எழுந்து போனவருடைய முகத்தை இன்னும் மறக்கவில்லை. அதற்காகத்தான் நான் வராமல் இருந்தேன். அவர் ஒருநாளும் போகாதே என்று சொன்னதில்லை. “அப்பா மேல கோவப்படாத ஜெயா, பெரியவங்க” என்றுதான் சொன்னார்.

தாங்கள் ஹட்டன் பஜார்க் கடைக்காரர் குடும்பம், நாம் தோட்டத்து ஆட்கள் என்ற எண்ணம் அவருடைய வீட்டில் இருந்தது. மறுக்கவில்லை. அவருடைய அம்மா எனக்குத் தனிக் கிளாசில் தேத்தண்ணி தந்தார். அதை உடைத்துக்கொண்டு வந்தவர் அவர். உங்களிடம் அது தலைகீழாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

அண்ணனைத் தேடி எத்தனை முகாம் வாசலில் நின்றார் என்று உங்களுக்குத் தெரியுமா? காலிப் பக்கத்துத் தடுப்பு முகாமுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனவர் யார்? படத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நான் வெயிலில் நின்றபோது பக்கத்தில் குடை பிடித்தவர் யார்? அம்மாவுக்கு மூச்சு முட்டியபோது டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு அவர் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார். நீங்கள் பின்னால் நடந்து வந்தீர்கள்.

இப்போது கவிச்சியை விட்டுவிட்டார். ஆடி வரும்வரை விரதமாம். கடற்கரையில் சொல்ல வேண்டியதை ஐயரிடம் கேட்டு மனப்பாடம் செய்கிறார். நித்திரையில் கூட வாய் அசைகிறது.

ஒரு காரணம் சொல்லுங்கள், அப்பா. நான் ஏற்றுக்கொள்கிற காரணமாக ஒன்று.

ஜெயலெட்சுமி


நோர்வூட்
2025 ஜூன் 2

மகளுக்கு,

காரணம் ஒன்றும் இல்லை. வேண்டாம் என்றால் வேண்டாம். சாதியும் இல்லை, கடையும் இல்லை, தேத்தண்ணிக் கிளாசும் இல்லை. என் மகனுக்கு யார் தண்ணீர் விடுவது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லையா?

அம்மாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனதை நான் மறக்கவில்லை. நல்லவர்தான். அதை நான் எங்கேயும் சொல்லத் தயார்.

இதற்கு மேல் எழுதாதே.

அப்பா

ஜெயா அக்கா, நான் நிஷாந்தி. தாத்தாவுக்குத் தெரியாமல் கீழே எழுதுகிறேன். தாத்தா சரியாகச் சாப்பிடுவதில்லை. போன கிழமை நோர்வூட் பஜாரில் இருந்த அழகன் மாமா செத்துப்போனார். அந்த வீட்டுக்குப் போய் வந்ததிலிருந்துதான் இப்படி. கேட்டால், “இனி ஒருத்தரும் இல்ல புள்ள” என்கிறார். அழகன் மாமா முந்தி கொழும்பில் உங்கள் அண்ணன் வேலை பார்த்த கடையில்தான் தராசில் நின்றாராம். உங்களுக்கு அவரைத் தெரியுமா?


வத்தளை
2025 ஜூன் 16

அப்பா,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன்.

அழகன் என்று ஒருவர் நோர்வூட்டிலேயே இருந்தார் என்று எனக்கு இத்தனை வருடம் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அவருடைய சாவுக்குப் போயிருக்கிறீர்கள். அண்ணனைக் காணோம் என்று நான் தெருத் தெருவாக அலைந்தபோது, அந்தக் கடையில் நின்ற ஒரு ஆள் எங்கள் லயத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்திருக்கிறார்.

டிலானியின் அப்பாவிடம் கேட்டேன். “அழகன்னு யாரு?” என்று. அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். “எனக்கு ஞாபகம் இல்ல” என்றார். ஒரே கடையில், ஒரே அறையில் படுத்த ஆளை ஞாபகம் இல்லையாம். அதற்குப் பிறகு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்றார். தொட்டுப் பார்த்தேன், உடம்பு சுடவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது, அப்பா. என்ன பயம் என்று எழுத வரவில்லை.

அன்றைக்கு அந்தக் கடைக்குள் யார் யார் இருந்தார்கள்? அழகன் உங்களிடம் என்ன சொன்னார்? ‘போயிட்டாங்க’ என்றால், வந்தவர்களை எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஆனால் கடை நிறைய ஆள் இருக்க, அண்ணனை மட்டும் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? யார் காட்டியது?

நான் கேட்கிறேன். நீங்கள் பெற்ற மகள் கேட்கிறேன். பதில் எழுதாவிட்டால், ஆடி அமாவாசைக்கு அவர்தான் தண்ணீர் விடுவார். தர்ப்பைப் புல்லும் வாங்கி வைத்தாயிற்று. அதற்குப் பிறகு நீங்கள் எதைச் சொன்னாலும் எனக்குத் தேவையில்லை.

ஜெயா


ஹட்டன்
2025 ஜூலை 7

மகள் ஜெயலெட்சுமிக்கு,

எழுத்து மாறியிருக்கும். இதை நிஷாந்தி எழுதவில்லை. அவளுக்குத் தெரிய வேண்டாம். பஸ் ஏறி ஹட்டனுக்கு வந்து, தபால் கந்தோர்ப் பக்கம் மேசை போட்டு மனு எழுதிக் கொடுக்கிற ஐயாவிடம் உட்கார்ந்திருக்கிறேன். அவருக்கு என்னைத் தெரியாது, எனக்கும் அவரைத் தெரியாது.

“என்ன மனு தாத்தா? வீட்டுக் காணியா, சேமலாப நிதியா?” என்றார்.

“மகளுக்குக் கடிதங்க.”

“போன்ல பேசிரலாமே.”

“எனக்குக் காது கேக்காதுங்க. அவளுக்குக் கேக்கும். அதான் பயம்” என்றேன்.

சிரித்தார். உன் கடிதத்தை வாசித்துக் காட்டச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. வரிசையில் நின்ற ஒரு அம்மாவை, “நாளைக்கு வாங்கம்மா” என்று அனுப்பிவிட்டார்.

இந்தக் கடிதத்தை உன் பள்ளிக்கூட விலாசத்துக்கு அனுப்புகிறேன். வீட்டில் வைத்துப் படிக்காதே.

நீ கேட்டுவிட்டாய். இத்தனை வருசமாக நீ கேட்டுவிடக் கூடாது என்றுதான் நான் இருந்தேன். கேட்கக் கூடாது என்றுதான் முறைப்பாக எழுதினேன். உன் அம்மா கேட்கவில்லை, அவளுக்குத் தெரியாமலே போய்விட்டாள். அது ஒன்றுதான் எனக்கு நிம்மதி.

உன் கல்யாணம் முடிந்து வந்த முதல் தைப்பொங்கல். லயமெல்லாம் கோலம் போட்டிருந்தது. அழகன் வந்தான். கொழும்பை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்ட புதிது. “உள்ள வாடா, பொங்கல் தின்னுட்டுப் போ” என்றேன். வரமாட்டேன் என்று வெளியிலேயே நின்றான். நான் எத்தனை வாசலில் நின்றிருக்கிறேன், அப்படி நிற்கிற ஆளை எனக்குத் தெரியாதா? “ஜெயாவுக்கு யாரைக் கட்டிக் குடுத்தீங்க மாமா?” என்றான். சொன்னேன். அப்படியே உட்கார்ந்துவிட்டான். நான் ஏண்டா என்று கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன்.

அன்றைக்குப் பகல் சாப்பாட்டு நேரம். மதுரன் கடைக்குப் பின்னால் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அழகன் தராசில். சமையல்கார ஆண்டியப்பன் சோற்றுப் பானையோடு. முதலாளி உள்ளறையில். முன்னால் கணக்கு மேசையிலும் ஆள் இருந்தது. பாங்குக்கு ஒருத்தரும் போகவில்லை, ஜெயா. அது பிற்பாடு முதலாளியும் அவரும் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டது.

மூன்று பேர் வந்தார்களாம். சாதாரணச் சட்டை. வாசலில் வான். ஒருத்தன் மேசையில் கையை ஊன்றிச் சிங்களத்தில் கேட்டிருக்கிறான், இங்கே ஹட்டன் ஆள் யார் என்று. பெயர் அவர்களுக்குத் தெரியாது. யாரோ, ஹட்டன் ஆள் ஒருத்தன் இந்தக் கடையில் இருக்கிறான் என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

அந்தக் கடையில் ஹட்டன் விலாசத்தோடு அடையாள அட்டை வைத்திருந்தவர்கள் இரண்டு பேர். அழகனின் அட்டையில் கொழும்பு விலாசம். ஒருத்தன் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மற்றவர் மேசையில் இருந்தார். அட்டை அவருடைய சட்டைப் பையில் வெளியே தெரிகிறபடி இருந்ததாம். அதைக் கையால் பொத்திக்கொண்டு, “உள்ள இருக்கான், மதுரன்” என்று சொன்னாராம். பெயரைச் சொல்லித்தான் சொன்னார். விரலையும் காட்டினார்.

மதுரனைச் சோற்றுக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தார்கள். கை கழுவ விடவில்லை. அவனுக்கு யார் காட்டினார்கள் என்று தெரியாது. மேசையைத் தாண்டும்போது, “அண்ணே, முதலாளிட்ட சொல்லுங்கண்ணே” என்றானாம். மேசையில் இருந்தவர் தலையைக் குனிந்து என்னவோ எழுதிக்கொண்டிருந்தாராம்.

அவ்வளவுதான் அழகன் சொன்னது. சொல்லிவிட்டு, “நான் ஏன் வாயத் தொறக்கல மாமா, நானும் அங்கதானே நின்னேன்” என்று தலையில் அடித்துக்கொண்டான். என்னிடமும் ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டான், தான் உயிரோடு இருக்கும்வரை இதை வெளியில் விடக் கூடாது என்று. அவனுக்குப் பெண்பிள்ளைகள். இனி அந்தச் சத்தியம் இல்லை.

நான் ஏன் அன்றே சொல்லவில்லை என்று நீ கேட்கலாம். தாலி கட்டி முடிந்துவிட்டது. அடுத்து டிலானி வந்தாள். அவர் உன்னை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை என்று நீயே ஒவ்வொரு முறையும் சொன்னாய். அவர் உன் அம்மாவைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியபோது நான் பின்னால் நடந்துதான் போனேன். ஓட எனக்கும் தெரியும், ஜெயா. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு ஓட முடியவில்லை. இந்த ஆளைக் கும்பிடுவதா, கல்லால் அடிப்பதா என்று தெரியாமல் நடந்தேன்.

பயத்தில் சொல்லியிருக்கிறார். அதை நான் மறுக்கவில்லை. அந்த மேசையில் நான் இருந்து, என் சட்டைப் பையிலும் ஹட்டன் அட்டை இருந்து, ஒருத்தன் அப்படிக் கையை ஊன்றிக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? எனக்குத் தெரியாது. அதனால்தான் அவரை ஒருநாளும் நான் பழித்துப் பேசவில்லை. உன்னைக் கட்டினதும், முகாம் முகாமாக அலைந்ததும், இப்போது கவிச்சியை விட்டதும் நடிப்பு என்று நான் சொல்லமாட்டேன். அந்த மனுசன் தினம் தினம் செத்துக்கொண்டுதான் இருக்கிறார். நீ அவரோடு இருப்பதும் இல்லாததும் உன் பாடு. நான் இரு என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. வந்தால் இந்த லயத்தில் இடம் இருக்கிறது. டிலானிக்குக் குளிரும், கம்பளி கொண்டு வா.

ஆனால் அமாவாசை அன்று கடலில் நின்று என் மகனின் பெயரைச் சொல்லித் தண்ணீர் விடுவது மட்டும் அவர் வாயால் வேண்டாம். ஒருதரம் அந்தப் பெயரை அவர் சொல்லியாயிற்று. அதற்குத்தான் உன் அம்மாவின் சாவிலும் அவரை எழுப்பினேன். என் கால் இழுத்தாலும் நான் வருவேன். நானே விடுவேன்.

ஐயா பேனாவைக் கீழே வைத்து, கண்ணாடியைத் துடைத்துவிட்டு எழுதுகிறார்.

அன்றைக்குக் கடைக்குள் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டாய். முதலாளி சுந்தரலிங்கம், கொரோனாவில் போனார், முகத்தைக் கூடக் காட்டவில்லை. சமையல்கார ஆண்டியப்பன், அதற்கு முன்னாலேயே டெங்கில் போய்விட்டார். அழகன் இந்த வைகாசியில் போய்விட்டான், நான் மண் போட்டேன். மதுரனை இப்போது நீயும் நானும் செத்தவர்களில் சேர்த்துவிட்டோம். வந்தவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது, சாகும்வரை தெரியப்போவதும் இல்லை. அன்றைக்கு அந்தக் கடைக்குள் இருந்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது ஒருத்தர்தான். மேசையில் இருந்தவர். உன் புருசன், கணேசமூர்த்தி.